குமிழில் ஒட்டிய பொட்டு

என் பிக்கப் வண்டியில், கியர்க் கம்பிக்குப் பக்கத்தில், பிஸ்கட் அளவில் ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. அதைச் சுற்றி ஒருகாலத்தில் மூன்று குறிகள் வெள்ளை எழுத்தில் இருந்தன. சீமெந்தும் தரை ஓடு பதிக்கிற பசையும் படிந்த கையால் வருடக்கணக்காகத் திருகித் திருகி அவற்றை நான் அழித்துவிட்டேன். கடைசியில் அங்கே மிஞ்சியிருந்தது நடுக்குறி இருந்த இடத்தில் ஒட்டியிருந்த ஒரு கருஞ்சிவப்புப் பொட்டு மட்டும்தான். பெண்கள் நெற்றியில் ஒட்டுகிற சாதாரணப் பொட்டு. விழுந்துவிடக் கூடாதென்று அதன்மேல் ஒரு துண்டு டேப்பை நானே ஒட்டிவைத்தேன். வருடாவருடம் வண்டியைப் பரிசோதிக்கிற கராஜ்காரர் ஒருமுறை அதை ஏதோ பொத்தான் என்று நினைத்து இரண்டு தரம் அமத்திப் பார்த்திருக்கிறார். ஒன்றும் நடக்காததால் இது என்னவென்று கேட்டார். என் அண்ணியின் பொட்டு என்றேன்.

அழிந்துபோன மூன்று குறிகளும் சில்லுகளுக்கு இழுவை எப்படிப் போகிறது என்பதைச் சொல்வன. முதலாவதில் பின் சில்லு இரண்டும் மட்டும் வண்டியைத் தள்ளும். காய்ந்த தெருவுக்கு அது போதும். இரண்டாவதில் நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கும், ஆனால் வழக்கமான வேகத்தில் ஓடலாம். மூன்றாவதிலும் நான்கு சில்லும்தான். வண்டி நத்தையாக நகரும், பலம் மட்டும் பல மடங்காகும். அண்ணி இவற்றை 'டூ', 'ஹை', 'லோ' என்று சொல்வார். நான் வண்டி வாங்கிய காலத்தில் இதைப் பற்றி எனக்கிருந்த அறிவு மிகச் சுருக்கமானது. கஷ்டம் இல்லையென்றால் டூ, கொஞ்சம் கஷ்டமென்றால் ஹை, பெரிய கஷ்டமென்றால் லோ. கஷ்டம் கூடக் கூட வலப்பக்கம் திருகிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று நினைத்தேன். மற்ற விஷயங்களிலும் எனக்கு அந்த ஒரு வழிதான் தெரியும். கதவு திறக்காவிட்டால் தோளால் இடிப்பேன். ஒருவர் மாட்டேன் என்றால் ஓம் என்று சொல்லும்வரை விடமாட்டேன். வீட்டில் எனக்குப் புல்டோசர் என்று பட்டப்பெயர்.

அண்ணை என்னைவிட எட்டு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது அவர் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தார், நான் லண்டனுக்கு வந்தேன். நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு மீன் தொழிற்சாலை. அண்ணையும் அண்ணியும் அங்கே மீன் வெட்டினார்கள். மீன் மணம் தலைமயிரை விட்டுப் போகுதில்லை என்று அண்ணி அழுதுகொண்டிருந்த நாட்களில், தொழிற்சாலை முற்றத்தில் பனி தள்ளுகிற வண்டிக்கு ஆள் தேவைப்பட்டதாம். யார் வருகிறீர்கள் என்று மேற்பார்வையாளர் கேட்டதும் அண்ணி கையை உயர்த்தினாராம். அப்போது அவரிடம் சாரதிப் பத்திரம்கூட இல்லை. அதன்பிறகு இருபது மாரிகாலம் அந்த முற்றத்தை அவர்தான் துப்புரவாக வைத்திருந்தார். ஐந்தடி உயரம், மெலிந்த உடம்பு, ஆசனத்தில் இரண்டு தலையணை போட்டுத்தான் உட்காருவாராம். இதையெல்லாம் அண்ணை ரெலிபோனில் பெருமையாகச் சொல்லுவார். நான் சிரிப்பேன். நம்பினேன் என்று சொல்ல முடியாது.

அண்ணையின் சிறுநீரகங்கள் பழுதாகத் தொடங்கியபோது நான் புல்டோசரை வெளியே எடுத்தேன். லண்டனுக்கு வாங்கோ, இங்கே கோயில் இருக்கிறது, எங்கள் சனம் இருக்கிறது, தமிழ் டொக்டர் இருக்கிறார், மகளும் இங்கேயே படிக்கலாம் என்று நாள் தவறாமல் ரெலிபோனில் தள்ளினேன். அந்தச் சின்ன ஊரில் ஆஸ்பத்திரி அவர்களுடைய வீட்டிலிருந்து நடக்கிற தூரம் என்பதை நான் கேட்கவே இல்லை. ஒரு வருடம் தள்ளியபின் வந்தார்கள். நோர்பரியில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மேட்டுத் தெருவொன்றில் வீடெடுத்தார்கள். வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்கு அண்ணை போகத் தொடங்கினார். நான் நினைத்ததைச் சாதித்துவிட்ட திருப்தியில் இருந்தேன்.

அவர்களுடைய தளபாடங்களை ஏற்றிவந்த லொறியின் கடைசி மூலையில் மஞ்சள் நிறத்தில் ஆளுயரத்துக்கு நீளமான இரும்புத் தகடு ஒன்று இருந்தது. வண்டியின் முன்னுக்குப் பூட்டிப் பனி தள்ளுகிற தகடு. தொழிற்சாலை புதிது வாங்கியபோது பழையதை அண்ணி கேட்டு எடுத்துக்கொண்டாராம். லண்டனில் பனி பெய்வதே எப்போதோ ஒருநாள், பெய்தாலும் மறுநாள் சேறு. நான் வயிறு நோகச் சிரித்தேன். "ஐம்பது வயதிலை அண்ணி சீதனம் கொண்டந்திருக்கிறா" என்று எல்லோரிடமும் சொன்னேன். வெம்பிளியிலிருந்து வந்த உறவினர்கள் சீதனத்தைப் பார்க்க வேண்டுமென்று என் முற்றத்துக்கு வந்தார்கள். அண்ணி கோபிக்கவில்லை.

"கிடக்கட்டும் தம்பி. அது என்ன, சோறே கேக்குது?" என்றார்.

ஆனால் விட்டுவிடவும் இல்லை. எனக்குத் தெரிந்த இரும்பு ஒட்டுவேலைக்காரர் ஒருவரைப் பிடித்து என் பிக்கப்பின் முகப்பில் தகட்டைப் பூட்டி, உள்ளிருந்தே தூக்கி இறக்குவதற்கு இரும்புச் சட்டம் போடவைத்தார். வானிலை அறிக்கையில் பனி என்ற சொல் வந்தால் போதும், முதல்நாளே வந்து நின்று பூட்டச்சொல்வார். பூட்டுவோம். மழை பெய்யும். கழற்றுவோம். வண்டியை ஒருநாள்கூட அவர் கையில் கொடுத்ததில்லை. இன்சூரன்ஸ் என் பேரில் மட்டும்தான் என்பேன். அது உண்மை. ஆனால் அதுமட்டும் காரணமில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பெரும்பனி பெய்த அந்தத் திங்கட்கிழமைக்கு முதல் வெள்ளியன்று அண்ணைக்குக் கால் தசை பிடித்து இழுத்ததால் இயந்திரத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் முன்னதாகவே கழற்றிவிட்டார்கள். உடம்பிலிருந்து வெளியேற வேண்டிய நீர் உள்ளேயே நின்றுவிட்டது. ஞாயிறு பின்னேரமே முகம் ஊதியிருந்தது. திங்கள் காலையில் அவரால் படுக்க முடியவில்லை. கட்டிலில் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வெளியே கணுக்காலைத் தாண்டிப் பனி. நோயாளிகளை ஏற்றிப்போகிற வாகனம் வராது என்று செய்தி வந்தது. அம்புலன்ஸுக்கு அடித்தோம்; வருவார்கள், எத்தனை மணிக்கென்று சொல்ல முடியாது என்றார்கள். டயாலிசிஸ் நிலையத்தின் தாதி ரெலிபோனில் நிதானமாகப் பேசினார். நீர் நுரையீரலுக்குப் போகத் தொடங்கியிருக்கிறது, அவரை இன்று இயந்திரத்தில் போட்டே ஆக வேண்டும், இரண்டு மணிக்கு முன் எப்படியாவது கொண்டுவந்தால் ஓர் இயந்திரத்தை வைத்திருக்கிறேன் என்றார். பிறகு, எங்கள் நிலையத்து ஏற்றப்பாதை பனியால் அடைத்துக் கிடக்கிறது, துப்புரவாக்குகிறவர்களும் வரும் வழியில் சிக்கிவிட்டார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான் யோசிக்கவில்லை. யோசிக்காத ஆள் என்னென்ன செய்வானோ அதையெல்லாம் செய்தேன். அண்ணையின் வீட்டு வாசற்படியில் பனி இறுகிக் கிடந்தது. உதவிக்கு வந்திருந்த என் மனைவி அங்கே குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கொதிக்கக் கொதிக்க இருந்த கஞ்சித் தண்ணீரைப் பானையோடு தூக்கிவந்து படியில் ஊற்றினேன். பனி கரைந்தது. நான் பெருமையோடு நிமிர்ந்தேன். அண்ணைக்குச் சப்பாத்து மாட்டிக் கூட்டிவருவதற்குள் அந்தக் கஞ்சி கண்ணாடியாக உறைந்துவிட்டது. நானே முதலில் வழுக்கிவிழுந்தேன். அண்ணி உள்ளே போய்க் கறியுப்புப் பையைக் கொண்டுவந்து படியெல்லாம் கொட்டினார். அண்ணையை நானும் அவரும் தாங்கிப்பிடித்து வண்டியின் பின் ஆசனத்தில் ஏற்றினோம். மூச்சுக்கு நடுவில் அண்ணை, "கஞ்சியிலை கொஞ்சம் பாலும் விட்டிருக்கலாம்" என்றார்.

தகடு முதல்நாளே பூட்டியிருந்தது. அண்ணி முன் ஆசனத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். குமிழை நேரே லோவுக்குத் திருகினேன். "இறக்கத்துக்கு அது சரி" என்று அண்ணி தலையாட்டினார். வண்டி பிரேக்கைத் தொடாமலே ஊர்ந்து ஊர்ந்து மேட்டுத் தெருவை இறங்கியது. அவர் மெச்சியது எனக்குத் தலைக்கேறிவிட்டது. பிரதான வீதிக்கு வந்தோம். அங்கே உப்புப் போட்டிருந்தார்கள். பனி கரைந்து தார் தெரிந்தது. "இனிக் காணும் தம்பி, டூவுக்கு மாத்தும். இது தார்" என்றார். நான் மாற்றவில்லை. உயிர் போகிற நேரத்தில் பலத்தைக் குறைக்கச் சொல்கிறாரே என்று எரிச்சல். பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்தன. வளைவில் திரும்பியபோது முன் சில்லுகள் துள்ளித் துள்ளி இழுபட்டன, ஸ்டியரிங் என் கையில் அடித்தது. ஏதோ கீழே அரைபடும் சத்தம் கேட்டது. அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். இரண்டாம் தரம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் அது என் வண்டி, நான் அவருடைய மைத்துனன், பின்னால் கணவர் மூச்சுக்குத் தவிக்கிறார். அந்த நேரத்தில் என்னோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை என்று நினைத்திருப்பார்.

நிலையத்தின் ஏற்றப்பாதை கேற்றிலிருந்து கட்டட வாசல்வரை வளைந்து மேலேறும். வளைவில் காற்று பனியைக் கொண்டுவந்து முழங்காலுக்கு மேல் குவித்துவைத்திருந்தது. கேற்றடியில் மூன்று கார்கள் நின்றன. ஒன்றில் கம்பளியால் போர்த்திய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, எண்பது வயதிருக்கும், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வாசலில் நீலச் சட்டைத் தாதி சக்கர நாற்காலியோடு நின்றார். மணி பன்னிரண்டே முக்கால்.

"முதல்லை நான் இறங்கி நடந்து பாக்கிறன், பொறும்" என்றார் அண்ணி. "நடந்து பாக்காத இடத்திலை தகட்டை இறக்கக் கூடாது."

நான் பொறுக்கவில்லை. தகட்டை இறக்கினேன். லோவிலேயே அக்சிலரேட்டரை மிதித்தேன். வண்டி உறுமிக்கொண்டு பனியைத் தள்ளியது. பத்து மீற்றர், இருபது மீற்றர். மலையே வந்தாலும் தள்ளிவிடுவேன் என்ற நினைப்பு. பார்த்தீர்களா என்பதுபோல அண்ணியின் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் பனிக்கு அடியில் இருந்த வேகத்தடையில் தகடு போய் இடித்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லோவில் அதுதான் ஆபத்து. தகடு மாட்டிக்கொண்டது தெரியாமல், சத்தம்கூட மாறாமல், வண்டி தள்ளிக்கொண்டே போனது. டக்கென்று துவக்கு வெடித்த மாதிரி ஒரு சத்தம். தகடு ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது.

பின் ஆசனத்தில் அண்ணையின் மூச்சு மட்டும் கேட்டது. ஈரமாக, உள்ளே எதுவோ கொதிப்பதுபோல. என் அண்ணையை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அண்ணி இறங்கிப் பனியில் முழங்காலிட்டுக் கீழே பார்த்தார். தகட்டைச் சட்டத்தோடு சேர்க்கிற விரலளவு ஆணி இரண்டாக முறிந்திருந்தது. அவர் எழுந்து வந்தபோது முகத்தில் கோபம் இல்லை. "பரவாயில்லை. முறியிறதுக்குத்தான் அதை வைச்சிருக்கு. அது முறிஞ்சபடியால் வண்டி தப்பினது. உந்தப் பெட்டிக்குள்ளை விரல் மொத்தத்திலை ஏதும் இரும்பு இருக்கே?" என்றார். என் சாமான் பெட்டியைக் கிளறினேன். சுவரில் துளைபோடுகிற தடித்த ட்ரில் அலகு ஒன்று அந்தத் துளைக்குள் இறுகப் போய் உட்கார்ந்தது. சுத்தியலால் அடித்து இறக்கினோம். அண்ணி கையைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது முறியாது தம்பி. இனி இடிச்சால் வண்டிதான் முறியும். அதாலை நான் முன்னுக்கு நடந்து தடை எங்கை கிடக்கெண்டு பாக்கிறன். நீர் ஹையிலை வாரும். ஹையிலை இழுவையும் இருக்கு, காதும் இருக்கு. பாரம் கூடினால் எஞ்சின் சத்தம் பதியும். பதிஞ்ச உடனை நிப்பாட்டும், பின்னுக்கு வாரும், திரும்பவும் போம். ஒரே தள்ளாத் தள்ள வேண்டாம்."

சரி என்று குமிழைப் பார்த்தேன். எழுத்து எதுவும் இல்லை. அன்றுவரை கிளிக் சத்தத்தை எண்ணித்தான் திருகியிருக்கிறேன். அன்றைக்கு எண்ணத் தொடங்கி நடுவிலேயே விட்டுவிட்டேன். எண்ணிக்கை பிசகி லோவுக்குப் போய்விடுவேன் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அண்ணி வண்டிக்குள் எட்டிக் குமிழைத் தானே ஹையில் நிறுத்தினார். பிறகு நெற்றியிலிருந்த பொட்டை நகத்தால் உரித்து அந்த இடத்தில் ஒட்டிப் பெருவிரலால் அழுத்தினார்.

"இதை விட்டு அசையக் கூடாது" என்றார்.

குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கால் புதையப் புதைய நடந்து, குடை நுனியால் குத்திக் குத்திப் பார்த்து, தடை இருக்கும் இடத்தில் கையை உயர்த்துவார். நான் தகட்டைத் தூக்கித் தடையைத் தாண்டி மறுபடி இறக்குவேன். கையைச் சாய்த்தால் வலப்பக்கம் தள்ளு என்று அர்த்தம். அப்படியே மூன்று தடைகளைத் தாண்டினோம். வளைவில் குவிந்திருந்த பனிக்கு முன்னால் வந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. முதல் தள்ளலில் ஒரு வாய் பனிதான் விலகியது. எஞ்சின் சத்தம் பதிந்தது. நிறுத்தினேன். பின்னுக்கு வந்தேன். மறுபடி ஒரு வாய். கண்ணாடியில் அண்ணையைப் பார்த்தேன். உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. என் கை குமிழுக்குப் போனது. லோவுக்குத் திருகி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இடித்துத் தள்ள வேண்டும்போல உடம்பு பதறியது. ஜன்னலை இறக்கிக் கத்தினேன்.

"அண்ணி, லோவிலை ஒரு தள்ளுத் தள்ளிவிடுறன்!"

"ஏலாது!" என்று அங்கிருந்தே கத்தினார்.

பின்னாலிருந்து அண்ணை என் தோளைத் தொட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்துத்தான் பேசினார். "டேய், அவ சொல்லுறதைக் கேள். நான் முப்பது வருசம் கேட்டுத்தான் உயிரோடை இருக்கிறன்."

குமிழில் வைத்த விரலுக்குக் கீழே பொட்டு தட்டுப்பட்டது. கையை எடுத்துவிட்டேன். அதன்பிறகு எஞ்சினை மட்டும் கேட்டேன். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கவனமாக நான் அதற்குமுன் கேட்டதில்லை. சத்தம் பதியும்போது விட்டேன், தெளியும்போது தள்ளினேன். எத்தனை தரம் முன்னும் பின்னும் போனேன் என்று எண்ணவில்லை. கடைசித் தள்ளலில் பனி மதிலோடு போய் ஒதுங்கியது. வாசலுக்கு வழி திறந்தது. தாதி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். எங்களுக்குப் பின்னால் கேற்றடியில் நின்ற மூன்று கார்களும் ஒவ்வொன்றாக ஏறிவந்தன. கம்பளிப் பெண்மணி இறங்கும்போது அண்ணியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அண்ணியின் கவனமெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்த நாற்காலியில் இருந்தது.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அண்ணையை இயந்திரத்தில் பூட்டினார்கள். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு மூச்சு வாங்குவது தணிந்தது, உதட்டில் நிறம் வந்தது. நானும் அண்ணியும் கட்டில் பக்கத்தில் நனைந்த சப்பாத்தோடு நின்றோம். அண்ணை கண்ணைத் திறந்து அண்ணியை உற்றுப் பார்த்தார்.

"பொட்டு எங்கை?"

"வண்டியிலை."

"நான் இன்னும் போகேல்லையப்பா. அவ்வளவு அவசரமோ உமக்கு?"

அவர் பகிடியாகத்தான் சொன்னார். வாசற்படியில் நான் வழுக்கியபோதும், ஆணி முறிந்தபோதும், குவியலுக்கு முன்னால் நின்றபோதும் கலங்காத அண்ணி அதைக் கேட்டு உடைந்துபோனார். "அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. பிறகு அவர் கைப்பையிலிருந்து பொட்டுப் பொதியை எடுத்து, இயந்திரத்தின் கண்ணாடித் திரையில் முகத்தைப் பார்த்துப் புதிதாக ஒன்று ஒட்டிக்கொண்டார். "இப்ப சரியோ?" என்று கேட்டார். அண்ணை தலையாட்டினார். "சீதனம் இண்டைக்குத்தான் பலன் தந்திருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அதன்பிறகு மூன்று வருடம் அண்ணை இருந்தார். எங்கள் எல்லோருக்கும் அது பெரிய மூன்று வருடம். மகளின் கல்யாணத்தைப் பார்த்தார். ஓர் ஆடி மாதம், நல்ல வெயிலில், நித்திரையில் போனார். செத்தவீட்டில் தூரத்து உறவான ஒரு வயதான பெண்மணி அண்ணியின் நெற்றிப் பொட்டை எடுக்க வந்தார். "உதெல்லாம் இந்தக் காலத்திலை என்னத்துக்கு?" என்று சத்தம் போட்டேன். அண்ணி என்னைப் பார்த்தார்.

"விடும் தம்பி. தள்ளாதையும்."

விட்டேன். ஆனால் முழுதாக விடவில்லை. அடுத்த மாதங்களில் என் மனைவி மூலமாகவும், அண்ணியின் மகள் மூலமாகவும், கோயிலில் கண்டபோது நேராகவும், பொட்டு வையுங்கோ அண்ணி, ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டினம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டுப் போவார். ஒருநாள் வண்டியில் கூட்டிப்போகும்போது அவருடைய பார்வை குமிழில் நின்றதைக் கண்டேன். பொட்டின் ஒரு ஓரம் கிளம்பியிருந்தது. விரலால் அதை அமத்திவிட்டார். அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. எஞ்சின் சத்தம் பதிந்திருக்கிறது, நான்தான் கேளாமல் தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்று விளங்கியது. வீட்டுக்கு வந்து டேப்பை ஒட்டினேன். அதன்பின் பொட்டைப் பற்றிய கதையை நான் எடுக்கவில்லை. ஆறு வருடமாயிற்று.

இந்த வருடம் என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. முழங்காலில் நின்று தரை ஓடு பதிக்கிறவனுக்கு அதற்குமேல் என்ன வேலை? வண்டியை விற்பதென்று முடிவெடுத்தேன். வாங்குகிறவர் வடக்கே, மலைப்பக்கத்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர். தகடும் வேண்டுமென்றார். அண்ணியிடம் சொன்னேன். "குடுத்துவிடும். அங்கை எண்டால் வேலை இருக்கும்" என்றார். நேற்றுக் காலை, ரயிலில் வந்திறங்கும் அவரிடம் வண்டியைக் கொடுக்கப் புறப்பட்டபோது தானும் ரயில் நிலையம்வரை வருகிறேன் என்று ஏறி உட்கார்ந்தார். நல்ல வெயில். தெருவோரம் மஞ்சள் டபடில் பூக்கள் பூத்திருந்தன.

குமிழைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, பொட்டையும் டேப்பையும் சேர்த்து உரித்தார். நிறம் மங்கி, ஓரம் வெளுத்துப்போயிருந்தது. அதைக் கைலேஞ்சியில் வைத்து முடிந்தார். கைப்பையைத் திறந்தார். உள்ளே அந்தப் பொட்டுப் பொதி இருந்தது. இத்தனை வருடமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. ஒன்றை எடுத்து ஹை இருந்த இடத்தில் ஒட்டிப் பெருவிரலால் அழுத்தினார்.

"வாங்கிறவருக்கும் ஹை எது எண்டு தெரிய வேணுமெல்லே" என்றார்.

பொதியை மூடுவார் என்று பார்த்தேன். மூடவில்லை. மேலே மடித்திருந்த வெயில் மறைப்பை இறக்கி அதன் கண்ணாடியில் முகம் பார்த்தார். இன்னொன்றை எடுத்து, ஆறு வருடம் வெறுமையாக இருந்த நெற்றியின் நடுவில் ஒட்டிக்கொண்டார். மறைப்பை மடித்துவைத்துவிட்டு, நேரே தெருவைப் பார்த்தபடி இருந்தார்.

எனக்குச் சொல்ல எவ்வளவோ வந்தது. தெரு காய்ந்து கிடந்தது. குமிழை டூவில் வைத்து, மெதுவாக வண்டியை எடுத்தேன்.